படியரிசி, மனு, சங்கம்: திருக்கோகர்ணத்திலிருந்து ஒரு மாற்றுத்திறனாளர் வரலாறு

திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் குலதெய்வம். 1738இல் திருவரங்குளம் காட்டில் மௌன விரதத்தில் இருந்த சதாசிவ பிரம்மேந்திரரை விஜய ரகுநாதத் தொண்டைமான் சந்தித்தார் என்றும், அந்தத் துறவி மணலில் எழுதிக் காட்டிய உபதேசத்தை ஏற்றே சமஸ்தானத்தில் தசரா விழா தொடங்கியது என்றும் அரண்மனை மரபு சொல்கிறது. சமஸ்தான காலத்தில் நவராத்திரி நாட்களில் படியரிசி தானம் நடக்கும். கூடவே அம்மன் காசு கொடுப்பார்கள். ஒரு பக்கம் அம்மன் உருவம், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. ஓர் அணாவுக்கு இருபது காசு.

மாற்றுத்திறனாளர் சங்கங்களின் வரலாற்றை இந்தச் செப்புக் காசிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. அந்தத் தானத்தில் பெரும்பங்கு அந்தணர்களுக்கே போனது. ஆனால் கொடுக்கப்பட்ட முறையைக் கவனிக்க வேண்டும். நாளைக் குறிப்பவர் கொடுப்பவர். வாங்குபவர் ஊருக்கு நடந்து வந்து வரிசையில் நிற்பார். கிடைத்தால் அது கருணை, கிடைக்காவிட்டால் கேட்பதற்கு இடமில்லை. அடுத்த வரிசையில் நிற்பவரோடு அவருக்கு எந்த உறவும் ஏற்படுவதில்லை. மன்னர் போனார், சமஸ்தானம் 1948 மார்ச் 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது, அரசியல் சட்டம் வந்தது. உதவி கேட்டு வரும் உடற்குறையுள்ள மனிதர் தனியாக வந்து வரிசையில் நிற்கும் முறை மட்டும் வெகுகாலம் மாறவில்லை. அந்த வரிசை கூட்டமாகி, கூட்டம் சங்கமான கதையே இக்கட்டுரையின் பொருள். இதைப் புதுக்கோட்டையின் எல்லைக்குள் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பாளையங்கோட்டை, வேலூர், ஆய்க்குடி என்று சுற்றித்தான் திருக்கோகர்ணத்துக்கு வரவேண்டியிருக்கிறது.

சங்கம் இல்லாத காலம்

தமிழ் மரபில் உடற்குறையுள்ளவர்கள் ஆவணத்தில் இடம்பெற்றதெல்லாம் பெரும்பாலும் புலமையால்தான். இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் இயங்காது. பார்க்க முடியாதவர் நடக்க முடியாதவரைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போனார் என்பது வழக்கு. பெரியம்மையில் பார்வையிழந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலருக்கு இராமநாதபுரத்துப் பொன்னுச்சாமித் தேவரின் ஆதரவு கிடைத்தது. பாட்டுக் கட்டத் தெரிந்தவருக்குப் புரவலர் இருந்தார். பாட்டுக் கட்டத் தெரியாத ஆயிரம் பேரைக் குடும்பமோ கோயில் வாசலோ தாங்கியது, அல்லது தாங்காமல் விட்டது. அவர்களுக்கு வரலாறு எழுத நமக்குச் சான்று கிடையாது.

அவர்களை முதலில் எண்ணியது ஆங்கில ஆட்சி. 1872 முதல் 1931 வரை ஒவ்வொரு குடிக்கணக்கெடுப்பிலும் பித்தர், செவிட்டூமையர், குருடர், தொழுநோயர் என்று நான்கு தலைப்புகளில் அட்டவணை போட்டார்கள். தலைப்புகளே அக்கால மனத்தைக் காட்டிவிடும். பிறகு அந்தக் கணக்கும் நின்றது. 1941 முதல் 1971 வரை கேள்வியே இல்லை. 1981இல் கேட்டார்கள், 1991இல் மறுபடி விட்டுவிட்டார்கள். 2001இல் அது திரும்ப இடம்பெற்றதற்கு மாற்றுத்திறனாளர் அமைப்புகள் டெல்லியில் கொடுத்த நெருக்கடிதான் காரணம். 2011 கணக்கின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேர், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். 2001இல் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 16.4 லட்சமாக இருந்தது. பத்தாண்டில் நாலரை லட்சம் பேருக்குக் குறை தீர்ந்துவிட்டது என்று யாரும் நம்பமாட்டார்கள். கேள்வியின் வடிவமும் கேட்டவரின் பொறுமையும் மாறின, அவ்வளவே. வீட்டுக்குள் இருப்பவரை வாசலில் நின்று கேட்டு அறிய முடியாது என்பது பிற்காலச் சங்கங்களின் அனுபவமும்கூட.

பள்ளிகளைத் தொடங்கியவர்கள் மிஷனரிகள். 1890களில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், ஃபுளோரன்ஸ் சுவைன்சன் காது கேளாதோருக்கும் தொடங்கிய பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. கடல் தாண்டி இலங்கையில் இரத்மலானைப் பள்ளி 1912இல் வந்தது. யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்டு பள்ளி 1956இல் வந்தது. இவை செய்த நன்மையைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் விடுதிப் பள்ளிக்கு ஒரு விலை இருந்தது. பிள்ளை ஊரைவிட்டுப் போகவேண்டும். அங்கே நண்பர்களும் ஒரு மொழியும், சைகை மொழியோ பிரெயிலோ, கிடைக்கும். படிப்பு முடிந்து ஊர் திரும்பினால் அந்த மொழி பேச ஆளிருக்காது.

வேலூரில் பிறந்த தலைமுறை

1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவர் உருவாக்கிய மறுவாழ்வு நிலையம், படுக்கை வசதியோடு இந்தியாவில் எழுந்த முதல் மறுவாழ்வு நிலையமாகச் சொல்லப்படுகிறது. மருத்துவ வரலாற்றில் இதற்குள்ள இடம் பலரும் அறிந்தது. சங்க வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு என்பது என் கருத்து. காலிப்பர் மாட்டிக்கொண்டு, கம்பு ஊன்றி, பேருந்துப் படியேறக் கற்ற இளைஞர்கள் தங்களைப் போன்ற இன்னொருவரை வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்தது இத்தகைய மருத்துவமனைகளின் தாழ்வாரங்களில்தான்.

இன்னொரு காரணம் போலியோ. சொட்டு மருந்து கிராமம் வரை போய்ச் சேருமுன் பிறந்த பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குக் கால் போனது, அறிவும் நாவும் போகவில்லை. தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளர் சங்கங்களின் தலைமையில் இருந்தவர்களைப் பார்த்தால் அந்தத் தலைமுறையின் பங்கு புலப்படும். பள்ளிக்குப் போனார்கள், மேடையில் பேசினார்கள், மனு எழுதினார்கள். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரசால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவானார். 2014இல் நாடு போலியோ ஒழிந்ததெனச் சான்று பெற்றது. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் சங்கங்களுக்கு அதில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது: தலைமையேற்ற தலைமுறை மூப்பெய்துகிறது, அடுத்து வருபவர் யார்? அதைப் பின்னால் பார்ப்போம்.

ஆய்க்குடி காட்டிய வழி

1975 ஜனவரியில் கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த எஸ். ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போனார். உடல்திறன் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழே இயக்கம் போயிற்று. தனக்கு மருத்துவம் பார்த்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால், தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981இல் அவர் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஐக்கிய நாடுகள் அவை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த ஆண்டும் அதுவே. தொடக்கத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு ஓர் ஓலைக் கொட்டகைப் பள்ளி. 1992இல் தசைச் சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இந்தக் கதையைச் சாதனைக் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். ஆய்வாளருக்கு அதில் வேறொரு திருப்பம் முக்கியம். பள்ளியும் விடுதியும் கட்டிய பிறகு சங்கம் கிராமங்களுக்குள் இறங்கியது. உள்ளூரிலேயே ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பியது. ஒரு குழந்தை கழுத்து நிற்க வேண்டிய மாதத்தில் நிற்கவில்லை என்றால் தாய்க்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். பெரியவர்களைக் குழுக்களாகச் சேர்த்தார்கள். ஏழை நாடுகளில் மறுவாழ்வு மருத்துவமனையைவிட்டுச் சமூகத்துக்குள் போகவேண்டும் என்று 1978 அல்மா ஆட்டா மாநாட்டுக்குப் பிறகு உலக நலவாழ்வு நிறுவனம் பேசிவந்ததும் இதைத்தான். மத்திய அரசும் 1985இல் மாவட்ட மறுவாழ்வு மையத் திட்டத்தைத் தொடங்கி, தமிழ்நாட்டில் செங்கற்பட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்த மையம் அரசு அலுவலர்களை நம்பியது. ஆய்க்குடி, வீட்டுக்குள் இருந்தவரையும் அவருடைய அக்கம்பக்கத்தாரையும் நம்பியது. நீடித்து நின்றது எது என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

அரண்மனைக்குப் போகும் மனு

இனிப் புதுக்கோட்டை. 1948இல் இணைந்த சமஸ்தானம் திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14இல்தான் தனி மாவட்டம் பிறந்தது. இடைப்பட்ட இருபத்தாறு ஆண்டுகள் மேல்மனு என்றால் திருச்சிக்குப் போகவேண்டும். கால் இயங்காத ஒருவருக்கு அந்தப் பயணத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை. மாவட்டம் ஆனபின் மன்னரின் புதிய அரண்மனையே ஆட்சியர் அலுவலகமாயிற்று. திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மாற்றுத்திறனாளிகள் மனுவோடு போவது இன்றும் அந்த வளாகத்துக்குத்தான். முன்னோர் தானம் வாங்கப் போன திசையிலேயே பேரன் உரிமை கேட்டுப் போகிறான் என்று சொல்வது அழகாக இருக்கும். அந்த வாசலில் இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு பல ஆண்டுகள் மங்கலாகவே இருந்தது என்பதுதான் உண்மை.

இந்த மாவட்டத்துக்குத் தனியாக ஒரு பாடம் கிடைத்தது 1991இல். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிகள், ஊர்ப்புறச் செவிலியர், ஆசிரியைகள் சைக்கிள் மிதித்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி இதை உலகறியச் செய்தார். மாற்றுத்திறனாளர் வரலாற்றில் இதற்கென்ன இடம் என்று கேட்கலாம். தானாகப் போய்வர முடிந்த பெண், யாரையும் எதிர்பார்க்காமல் கூட்டத்துக்கு வந்தாள். கூட்டத்துக்கு வந்தவள் கேள்வி கேட்டாள். பிற்காலத்தில் கைமிதி மூன்று சக்கர வண்டியும், அதன்பின் பக்கச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரும் கால் இயங்காதவர்களுக்குச் செய்தது இதே வேலைதான். நலத்திட்ட விழா மேடையில் வரிசையாக நிறுத்தி, மாலை போட்டு, சாவி கொடுக்கும் ஸ்கூட்டர்களைப் பார்த்து நாம் சலித்துக்கொள்வதுண்டு. ஆனால் தமிழ்நாட்டில் மாவட்டச் சங்கக் கூட்டங்கள் பெருகியதற்கு எந்தச் சட்டப்பிரிவையும்விட அந்த ஸ்கூட்டருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்றே நினைக்கிறேன். கூட்டத்துக்கு வரமுடியாதவர்களின் சங்கம் தாளில் மட்டுமே இருக்கும்.

குழு என்னும் சிறு கருவி

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் வேலையில் மூன்று விழுக்காடு இட ஒதுக்கீட்டைத் தந்தது. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம், அறிவுவளர்ச்சிக் குறை, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு அமைத்தது. அதில் ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் இருக்கவேண்டும். தாள் அளவில் இவை பெரிய மாற்றங்கள். ஊர் அளவில் மாற்றம் தெரிந்தது வேறொரு கருவியால்.

1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு முறையை, 2005இல் உலக வங்கிக் கடனோடு வந்த புதுவாழ்வுத் திட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கும் விரித்தது. சாதாரணக் குழுவுக்குப் பத்துப் பேராவது வேண்டும். மாற்றுத்திறனாளர் குழுவுக்கு ஐந்து பேர் போதும். அறிவுவளர்ச்சிக் குறையுள்ள பிள்ளைக்காகத் தாயோ தந்தையோ உறுப்பினராகலாம். சேமிப்பு சிறிது, கடனும் சிறிது. குழு கொடுத்த பெரிய கொடை துணை. அடையாள அட்டைக்கு மருத்துவச் சான்று வேண்டும். சான்றுக்கு முகாம் நாளில் தலைமை மருத்துவமனைக்குப் போகவேண்டும். எலும்பு மருத்துவர் இருந்தால் காது மருத்துவர் விடுப்பில் இருப்பார். படம் ஒட்டவில்லை, ரேஷன் அட்டை நகல் இல்லை, அடுத்த வாரம் வா. தனியாகப் போனவர் இரண்டாம் முறையோடு விட்டுவிடுவார். ஐந்து பேர் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனால் விடமாட்டார்கள். அதில் ஒருவருக்குப் படிக்கத் தெரியும், இன்னொருவருக்குப் பேசத் தெரியும், மூன்றாமவருக்கு அந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று தெரியும். மறுவாழ்வு நூல்களில் இதைத் தனி அதிகாரமாகவே எழுதத் தகும்.

போராட்டச் சங்கங்கள் இன்னொரு கிளை. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம், டிசம்பர் 3 இயக்கம் போன்றவை மனுவை மறியலாகவும், தாலுகா அலுவலகங்களில் குடியேறும் போராட்டமாகவும் மாற்றின. 2013இல் சென்னையில் பார்வையற்ற பட்டதாரிகள் ஆசிரியர் பணி கேட்டுப் பல நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு எளிய பணிகளும், நான்கு மணி நேர வேலைக்கு முழுக் கூலியும் என்ற 2012ஆம் ஆண்டு அரசாணை, எதிர்ப்பில்லாமல் தானாக வந்ததல்ல. அது நடைமுறைக்கு வந்த ஊர்களைப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே நகலைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடிய ஒரு கிளைச் செயலாளர் இருப்பார்.

உதவித்தொகையும் இதே கதைதான். 2023 தொடக்கத்தில் அது 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. கடும் பாதிப்புள்ளவர்களுக்கான பராமரிப்புத் தொகை அப்போது 2,000 ரூபாய். பக்கத்து ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் 6,000 ரூபாய். அதே தொகையை இங்கேயும் கொடு என்று சங்கங்கள் தெருவில் இறங்குவதை நிதிநிலை அறியாத கூச்சல் என்று ஒதுக்குபவர்கள், 2,000 ரூபாயில் ஒரு மாதத்துக்கு எத்தனை டயப்பர் வாங்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

யார் இன்னும் வெளியே

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைவகைகளை ஏழிலிருந்து இருபத்தொன்றாக விரித்தது. வேலை ஒதுக்கீட்டை நான்கு விழுக்காடாக்கியது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் உள்ளூர்ச் சங்கங்களின் அமைப்பு சட்டத்தின் வேகத்தில் விரியவில்லை. இன்றும் கிளைக் கூட்டத்துக்குப் போனால் காலில் குறையுள்ள ஆண்கள் பேசுவார்கள், பார்வையற்றவர்கள் பேசுவார்கள். காது கேளாதவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். சைகை மொழி பெயர்ப்பாளரை அழைத்துவரக் கிளைக்கு வசதியிருக்காது. மனநோயிலிருந்து மீண்டுவரும் ஒருவரைச் சங்கமே கொஞ்சம் தள்ளித்தான் வைக்கும். பெண்களில் பலர் வருவது பிள்ளைக்காகத்தான், தமக்காக வருபவர் குறைவு. உடற்குறையுள்ள பெண்ணைத் தனியாக வெளியே அனுப்ப வீட்டுக்கு இன்னும் மனம் வருவதில்லை.

போலியோத் தலைமுறைக்குப் பின் யார் என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. அடுத்த தலைமையில் பெற்றோருக்குப் பெரும்பங்கு இருக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய், மூளை முடக்குவாதம் உள்ள மகனின் தந்தை. அவர்களுடைய கேள்விகள் வேறு: வேலை ஒதுக்கீட்டைவிடப் பகல்நேரப் பராமரிப்பு மையம், பேச்சுப் பயிற்சி, எல்லாவற்றுக்கும் மேலாக, எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார் என்பது. பழைய சங்கங்கள் இதற்கு இன்னும் இடம் கொடுக்கப் பழகவில்லை. பெற்றோரும், பிள்ளை சார்பாகப் பேசுவதற்கும் பிள்ளையைப் பேசவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பழக வேண்டியிருக்கிறது.

அரசு இப்போது சேவைகளை ஊர்ப்பக்கம் கொண்டுவர முயல்கிறது. உலக வங்கி உதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தின்கீழ், இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி, உளவியல் ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் ‘விழுதுகள்’ சேவை மையங்கள் வருகின்றன. வரவேற்க வேண்டியது. செங்கற்பட்டில் செய்த பிழையைத் திரும்பச் செய்யாமல் இருக்க வேண்டுமானால், மையத்தை மேற்பார்க்கும் குழுவில் அந்த வட்டாரத்துச் சங்கத்தார் பெயருக்கு இல்லாமல் அதிகாரத்தோடு இருக்கவேண்டும். பயனாளிகள் பட்டியலில் மட்டும் அவர்களை வைத்தால், குளிரூட்டிய அறையில் மறுபடியும் ஒரு வரிசை உருவாகும்.

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் வந்த திருத்தங்கள் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழிசெய்தன. 2024இல் மாநகராட்சியான புதுக்கோட்டைக்கும், அதன் பகுதியான திருக்கோகர்ணத்துக்கும் இதனால் மன்றத்தில் ஒரு குரல் கிடைக்கிறது. நியமனம் தேர்தலாகாது, ஆளுங்கட்சியின் விருப்பம் அதில் புகுந்துகொள்ளும் என்ற ஐயம் நியாயமானது. எனினும் சாய்தளம் இல்லாத கழிப்பறைக்கு மன்றம் ஒப்புதல் தரும்போது அதை எதிர்த்துப் பேச ஒருவர் அதே அறையில் உட்கார்ந்திருப்பார் என்பது சிறிய மாற்றமல்ல.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வரலாற்றை எழுத வேண்டிய சான்றுகள் நாளுக்கு நாள் அழிகின்றன. சங்கக் கிளைகளின் தீர்மானப் புத்தகங்கள், கார்பன் நகல் மனுக்கள், முதல் தலைமுறையின் தோல் காலிப்பர்கள், கைமிதி வண்டிகள், குழுக்களின் சேமிப்புப் பதிவேடுகள் எல்லாம் பரண்களிலும் பழைய பேப்பர் கடைகளிலும் கிடக்கின்றன. திருக்கோகர்ணத்திலேயே 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நிலவியல், விலங்கியல், மானிடவியல், கல்வெட்டு என்று அது சேர்த்து வைத்திருப்பவை ஏராளம். அங்கே ஓர் அலமாரியை இதற்கு ஒதுக்க அருங்காட்சியகத் துறையும், தங்கள் வசமுள்ளதைக் கொடுத்து உதவ மாவட்டத்துச் சங்கத்தாரும் முன்வரவேண்டும். முதலில் தீர்மானப் புத்தகங்களைக் கொண்டுவாருங்கள். காகிதம்தான் சீக்கிரம் அழியும்.